கிளைக் கணக்கும் சிறுநீரகப் பொருத்தமும்

தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மண்கோட்டை. அதற்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி கமலா கணேஷ் எழுதிய ஆய்வு 1993-இல் நூலாக வந்தது.

சுவர் இல்லாத ஊர்களிலும் முறைப்பெண் இருக்க அசலில் பெண் எடுப்பது அரிதாக இருந்தது. நிலமும் சொந்தமும் கைவிட்டுப் போகக் கூடாது. அந்த முறைக்குள்ளும் கறாரான கணக்கு இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை என்ற குலப்பிரிவு தாய்வழியாக இறங்கும். ஒரே கிளைக்குள் கல்யாணம் கூடாது. தாய்மாமனும் அக்காள் மகளும் ஒரே கிளை. ஆகவே வேறு பல சாதிகளில் சகஜமான அந்தச் சம்பந்தம் இங்கே விலக்கு. அத்தை மகனுக்குத் தடையில்லை. 1903-இல் பாசெட் என்ற ஆங்கிலேயர் இந்தச் சமூகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

பெரியவர்கள் வாய்க்கணக்காக வைத்திருந்த இந்த உறவுமுறை, மாற்று உறுப்புச் சிகிச்சைக்கும் வேண்டியதாகும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

1958-இல் பிரான்ஸில் ழான் தோசே என்ற ஆய்வாளர் வெள்ளணுக்களின் மேல் ஓர் அடையாளத்தைக் கண்டார். எச்.எல்.ஏ. என்று இன்று சொல்வது, உறுப்பு மாற்றத்துக்குப் பொருத்தம் பார்க்க உதவும் அந்த வகை அடையாளங்களைத்தான். அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. உடன்பிறந்தவரோடு முழுப் பொருத்தம் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பெரும்பாலும் பாதிதான் பொருந்தும். ஆனால் சொந்தத்தில் மணந்த தம்பதிக்கு, ஒரே பாட்டி தாத்தாவிடமிருந்து வந்த ஒரே தொகுதி இருவரிடமும் இருக்கலாம். அப்போது தந்தையோ தாயோகூடப் பிள்ளைக்கு முழுமையாகப் பொருந்த முடியும். தமிழ்நாட்டுச் சமூகங்களின் எச்.எல்.ஏ. அமைப்பை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இரா.ம. பிச்சப்பன் குழுவினர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர்.

அதே சொந்தம் நோயையும் கொண்டுவரும். பிறவியிலேயே கருவிழி மங்கும் ஒருவகை நோய்க்கு எஸ்.எல்.சி.4ஏ11 மரபணுவின் பிழையே காரணம் என்று 2006-இல் கண்டறிந்த பன்னாட்டுக் குழுவில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வாளர் சுந்தரேசனும் இருந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் இந்த நோய் வரும். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பார்வை தருவது மாற்றுக் கருவிழிதான். சிறுநீரகத்திலும் இந்த ஆபத்து உண்டு. கொடுக்க முன்வரும் உறவினரின் உடலிலும் அதே பரம்பரை நோய் ஒளிந்திருக்கலாம். மரபணுப் பரிசோதனை கொடுப்பவர், பெறுபவர் இருவரையும் காக்க உதவும்.

“உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தமா?” என்று மருத்துவர் கேட்டால் கூச்சப்படாதீர்கள். ஆச்சி, தாத்தா வரைக்கும் உள்ள உறவை மறைக்காமல் சொல்லுங்கள்.