தாளிலிருந்து திரைக்கு: புத்தகப் பிரியர்கள் கட்சி மாறிய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லாவிட்டாலும் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் விளங்கிவிடும். பத்து வருடத்துக்கு முன்னர், போனில் நாவல் வாசித்த இளம் ஆசிரியர் ஒருவரைப் பார்த்து, "சாப்பாட்டுப் படத்தைப் பார்த்துப் பசியாறுற மாதிரித்தான் இது" என்று சொன்னவர் அவர்தான். சென்ற மாதம் அஸருக்குப் பிறகு நாங்கள் கூடியபோது, மகள் அனுப்பிய டெப் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, "கண்ணில வெள்ளை விழுந்த பிறகு புத்தகம்தான் என்னை விட்டுப்போட்டுது, நான் அதை விடல்ல" என்றார். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பியதுதான் இந்தப் பதிவு.

புத்தகப் பிரியர்கள் புதிய சாதனத்தைக் கண்டு முகம் சுளிப்பது இன்றைக்குத் தொடங்கியதல்ல. ஜெர்மனியில் ட்ரிதீமியஸ் என்றொரு மடாதிபதி இருந்தார். அச்சு இயந்திரம் வந்து சில பத்தாண்டுகளே ஆகியிருந்த 1492இல், கையால் எழுதுவோரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். தோலில் எழுதியது ஆயிரம் வருடம் நிற்கும், தாளில் அச்சிட்டது எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவருடைய வாதம். ஆனால் 1494இல் அதே நூலை அவர் அச்சில்தான் வெளியிட்டார். நிறையப் பேரைச் சென்றடைய அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

உஸ்மானியப் பேரரசில், துருக்கி மொழி நூல்களை அரபு எழுத்தில் அச்சிட இப்ராஹிம் முதஃபர்ரிக்காவுக்கு 1727இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் மார்க்க நூல்களை அச்சிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1729இல் முதல் நூலாக ஓர் அகராதி வந்தது. அவருடைய அச்சகம் மொத்தமாக வெளியிட்டது 17 நூல்கள்தான். அச்சு ஏன் அவ்வளவு பிந்தியது என்று ஆய்வாளர்கள் இன்னும் சர்ச்சைப்படுகிறார்கள். எழுத்தர்களின் பிழைப்பு, அழகெழுத்தின் மீதிருந்த மதிப்பு, வாங்க ஆளில்லாத சந்தை என்று பல காரணம் சொல்வார்கள். எது எப்படியோ, பிந்தியதற்கு ஒரு விலை இருந்தது.

ஆனால் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன், இதே முஸ்லிம் உலகம்தான் புதிய சாதனத்தைத் தயங்காமல் கையில் எடுத்தது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பக்தாதில் காகிதம் செய்யத் தொடங்கினார்கள். ("காகிதம்" என்ற நமது சொல்லே பாரசீகத்தின் "காகஸ்" வழியாக வந்ததுதான்.) கலீபா ஹாரூன் அல் ரஷீத் அரசாங்க அலுவலகங்களில் காகிதத்தையே பயன்படுத்தக் கட்டளையிட்டதற்கு ஒரு காரணத்தை, எகிப்தைச் சேர்ந்த அல் கல்கஷந்தி பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். தோலில் எழுதியதைச் சுரண்டி அழித்துவிட்டு மேலே வேறொன்றை எழுதலாம், ஒருவருக்கும் தெரியவராது. காகிதத்தைச் சுரண்டினால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். மலிவு மட்டும் காரணமல்ல. இதில் களவு செய்ய ஏலாது என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

இனி நமது காலம்.

1971 ஜூலை 4. அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவருக்குப் பெரிய கணினி ஒன்றைப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் அதில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை விசைப்பலகையில் தட்டி ஏற்றினார். சிறிய எழுத்து இல்லாத இயந்திரம் என்பதால் எல்லாமே பெரிய எழுத்தில். குட்டன்பர்க் திட்டம் தொடங்கியது அப்படித்தான். கருவி விற்கும் கொம்பனிகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க இன்னும் பல வருடங்கள் இருந்தன. அதற்கு முன்பே வாசிப்பவர்கள் வந்துவிட்டார்கள்.

1998இல் ரொக்கெட் ஈபுக் என்ற கருவி கடைக்கு வந்தது. ஏறக்குறைய பத்துப் புத்தகம் கொள்ளும், விலை அதிகம், திரை கண்ணை உறுத்தும். அது எடுபடவில்லை.

அந்தக் கண் உறுத்தலுக்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும். 1997இல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஈ இங்க், அதாவது மின்மை. தலைமயிர்த் தடிப்பளவு நுண்குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். மின்னைக் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின் செலவாகும், பிறகு எழுத்து அப்படியே நிற்கும். பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதில்லை. வெயிலில் உட்கார்ந்து, தாளில் வாசிப்பது போலவே வாசிக்கலாம். 2004இல் சோனி ஜப்பானில் விற்ற லிப்ரியே என்ற கருவிதான் இந்தத் திரையோடு சந்தைக்கு வந்த முதல் வாசிப்புக் கருவி. திரை நல்லதுதான். ஆனால் அதற்காக விற்ற புத்தகங்கள் 60 நாளில் தாமாகவே மூடிக்கொள்ளும். எந்தப் புத்தகப் பிரியன் அதைச் சகிப்பான்?

2007 நவம்பர் 19இல் அமேசானின் கிண்டில் வந்தது. விலை 399 டொலர். ஐந்தரை மணித்தியாலத்தில் இருப்பு முடிந்தது, மீண்டும் கிடைக்க மாதங்கள் ஆகின. அந்த விலையைக் கொடுத்து முண்டியடித்தவர்கள் யார்? கணினிப் பைத்தியங்கள் மட்டுமல்லர். வீட்டில் அலுமாரி நிரம்பி வழிந்தவர்கள், பயணத்தில் நாலு புத்தகம் சுமப்பவர்கள், நமது அதிபரைப் போல எழுத்தைப் பெரிதாக்கினால்தான் வாசிக்க முடியும் என்ற நிலைக்கு வந்தவர்கள். புத்தகத்தை நேசித்தவர்கள்தான் கட்சி மாறினார்கள். வாசிக்காதவனுக்கு 399 டொலரில் என்ன வேலை?

இரண்டு வருடம் போகவில்லை. 2009 ஜூலையில் ஒரு நாள், அமெரிக்காவில் கிண்டில் வைத்திருந்த பலர் விழித்தபோது, காசு கொடுத்து வாங்கிய புத்தகம் கருவியில் இல்லை. விற்றவருக்கு அந்நூலை விற்கும் உரிமை இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் தூரத்திலிருந்தே எல்லோருடைய கருவியிலிருந்தும் அதை அழித்துவிட்டது. காசு திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால் பாடசாலை வேலைக்காக ஒரு மாணவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அழிந்த நூல்களில் ஒன்று ஜோர்ஜ் ஓர்வெலின் "1984". பழைய செய்திகளை அரசாங்கம் அழித்துத் திருத்துவதைப் பற்றிய நாவல் அது! நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

பக்தாத் காகிதத்துக்கு இப்போது திரும்பி வருவோம். சுரண்டினால் தடம் தெரியும் என்பதற்காகக் காகிதத்துக்குப் போனார்கள். தடமே இல்லாமல் துடைத்தெடுக்கக்கூடிய இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம். கருவியை வெறுக்க இது காரணமல்ல. ஆனால் கடையில் வாங்கிய மின்னூல் நமது அலுமாரிப் புத்தகத்தைப் போல நமக்குச் சொந்தமானது என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழுக்கு வருவோம். கிண்டில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியது 2016 இறுதியில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் திரைக்கு வந்துவிட்டார்கள், கருவியில்லாமலே. 1998 தைப்பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஒருவரின் எழுத்துரு மற்றவரின் கணினியில் வெறும் கோடும் கிறுக்கலுமாகத் தெரியும். ஒருங்குறி பரவிய பிறகுதான் அந்தத் தலையிடி தீர்ந்தது. 2005 தொடக்கத்தில் நமது நாட்டில் நூலகம் திட்டம் ஆரம்பமானது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல், சஞ்சிகை, பத்திரிகை, சிறப்பு மலர், கைநூல் என்று அகப்பட்டதையெல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாக வைத்தார்கள். முஸ்லிம் எழுத்தாளர்களின் ஆக்கங்களும் அங்கே நிறைய உண்டு.

இந்த நாட்டில் புத்தகத்தை நேசித்தவர்கள் திரைக்கு ஏன் போனார்கள் என்பதற்கு விலையோ வசதியோ முதல் காரணமல்ல என்பது எங்கள் எண்ணம். 1981 மே 31 இரவும் அதைத் தொடர்ந்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. 1933இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கிய புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது. ஒரேயொரு பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணால் கண்டது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எங்களோடு பயிற்சிக் கலாசாலையில் படித்த புத்தளத்து நண்பர் ஒருவர் சொல்வார், வாப்பா கதவைச் சாத்திய பிறகும் திரும்பித் திரும்பி முன்னறை அலுமாரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாராம். பாட்டனார் காலத்துக் கிதாபுகள் அதில் இருந்தன. பிள்ளைகளையும் உடுத்த உடுப்பையும் தவிர எதைத் தூக்குவது? வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அலுமாரி மட்டுமல்ல, கூரையும் இருக்கவில்லை.

நமது கரைக்கு 2004 டிசம்பர் 26. அதை விபரிக்கத் தேவையில்லை. உயிர்கள் போன துக்கத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் சேறு வழித்த வீடுகளில் ஒட்டிப்போய்க் கட்டியாகக் கிடந்த கொப்பிகளையும் கிதாபுகளையும் நாமே மண்வெட்டியால் அள்ளிப் போட்டோம்.

அதன் பிறகு வந்தவை சிறியவை என்றாலும் நம்மைத் தள்ளிக்கொண்டு போயின. 2020இல் பாடசாலைகள் மூடியபோது வட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்தான் பாடநூல். 2022 மார்ச்சில் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. பாடசாலையில் ஒரு பக்கம் போட்டோக்கொப்பி எடுக்க நாம் பட்ட பாடு பெற்றோருக்கும் தெரியும்.

இனி நமது அலுமாரிக்குள் பார்ப்போம். 1882இல் சித்தி லெப்பை "முஸ்லிம் நேசன்" நடத்தினார். 1885இல் அவருடைய "அசன்பேயுடைய கதை" வந்தது. அவை பேர்பெற்றவை, யாராவது பாதுகாப்பார்கள். நமது மூத்தம்மாமார் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளின் கதை வேறு. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக எழுத்துக்குப் புள்ளி கூட்டிக் குறைத்து எழுதப்பட்டவை. இன்று அதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்களை ஊரில் விரல்விட்டு எண்ணலாம். சாதாரண மென்பொருளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. பக்கத்தைப் படமாக எடுத்து வைப்பதுதான் இப்போதைக்கு வழி. போன வருடம் ஒரு வீட்டில் பெரியவர் மௌத்தாகி நாற்பது நாளுக்குள் ஒரு சாக்குக் கிதாபு பழைய பேப்பர் வியாபாரியிடம் போய்விட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அது என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் கேள்விப்பட்டபோது லொறி போய்விட்டிருந்தது.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புதுப் புத்தகத்தைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போடுவது இந்தக் கணக்கில் சேராது. நமது எழுத்தாளர்கள் சொந்தக் காசில் முன்னூறு, ஐந்நூறு பிரதி அடித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 70 வருடம் வரை உரிமை அவருக்கும் வாரிசுக்கும்தான். நமது வட்டத்திலேயே இந்தப் பிழையைச் செய்தவர்கள் உண்டு, நாமும் வாசித்திருக்கிறோம். இனி வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் போனும் விளக்கும் விரிக்க ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு பாடசாலை மண்டபத்தில் இருப்போம். வீட்டில் பழைய கிதாபு, பாடசாலை மலர், பள்ளிவாசல் கணக்குப் புத்தகம், கையெழுத்துப் பிரதி ஏதும் இருந்தால் எடுத்து வாருங்கள். பூச்சி அரித்தது, அட்டை இல்லாதது, முதற்பக்கம் கிழிந்தது எதுவும் பரவாயில்லை. புத்தகம் உங்களிடமே இருக்கும். பக்கங்களை மட்டும் படமெடுத்து, உங்களுக்கு ஒரு பிரதி, எங்களுக்கு ஒன்று, வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று என்று வைப்போம். தூக்கி வர ஏலாதவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கு வருகிறோம். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த உம்மாமார் இரண்டு பேர் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிபர் சேரும் டெப்போடு வருவார்.