சீசாவும் சீட்டும்

1665ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் சூறையாடிய ஆண்டு. தெருவெல்லாம் பிணம், வீடெல்லாம் ஓலம்! பட்டம் பெற்ற பெருமருத்துவர்களிலே பலர், செல்வச் சீமான்கள் ஓடிய வழியே தாமும் ஓடினர். ஓடாது நின்றோர் எவர்? மருந்தை இடித்தும் அரைத்தும் விற்றுவந்த ‘அப்பாத்திகரி’ எனும் மருந்துக் கடைக்காரர்களிற் பலர். அவர்கள் தந்த மருந்து நோயைத் தீர்த்ததா? இல்லை, மருத்துவர் மருந்துந்தான் தீர்க்கவில்லை. ஆனால், கதவைத் தட்டியபோது திறந்தவர் யார் என்பதை ஏழை மறக்கவில்லை.

கொள்ளைநோய் ஓய்ந்தது, தொழிற்பூசல் ஓயவில்லை. வில்லியம் ரோஸ் என்ற மருந்துக் கடைக்காரர், மருத்துவர் சீட்டின்றி ஒரு கசாப்புக்காரருக்கு வைத்தியம் செய்தார் என்று மருத்துவர் கழகம் அவரை வழக்கு மன்றத்துக்கு இழுத்தது. நீதிமன்றம் ரோசைக் குற்றவாளி என்றது. பிரபுக்கள் சபையோ 1704இல் அத்தீர்ப்பையே புரட்டிப் போட்டது! மருந்து கலக்கும் கை மருத்துவ யோசனையும் கூறலாம் என்றாயிற்று. 1815இல் சட்டம் வந்தது. பயிற்சியும் தேர்வும் வந்தன. இன்றைய இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர், அந்த மருந்துக் கடைக்காரரின் வழித்தோன்றலே.

அது சீமைக் கதை. நம் கதை என்ன?

நம் பாட்டன்மார் கண்டது ‘கம்பவுண்டரை’. வீட்டிலிருந்து கழுவி எடுத்துவந்த சீசாவை நீட்டுவர். அவர் சிவப்பு நீரை ஊற்றுவார். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதத் துண்டைச் சீசாவிலே ஒட்டுவார். எழுத்தறியா மக்களுக்கு எழுத்தின்றி அளவு சொன்ன அந்தக் காகிதத்தை, நான் ஓர் அருமையான பாடநூல் என்பேன். ஆனால் அதை ஒட்டியவரின் படிப்பு? பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்த்துப் படித்ததுதான்.

1930இல் அமைந்த சோப்ரா குழு நாட்டின் மருந்துகளை ஆராய்ந்தது; கலப்படத்தையும் கட்டுப்பாடின்மையையும் கண்டது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராப் மருந்தியல் கல்விக்கு வித்திட்டார். 1948இல் வந்தது மருந்தாளுமைச் சட்டம். பதிவு பெற்ற மருந்தாளுநரன்றிப் பிறர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கலாகாது என்றது அதன் 42ஆம் பிரிவு.

இதற்கிடையே, 1946இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அதன் குறுங்காலத் திட்டம். அங்கே மருத்துவர் இருவர், பொதுச் சுகாதாரச் செவிலியர் நால்வர், மருத்துவச்சியர் நால்வர். மருந்தாளுநர்? ஒரே ஒருவர்! நாற்பதாயிரம் வாய்க்கு மருந்தளக்க ஒரு கை! அன்று அதுவே பெருங்கனவு. குறை கூறேன். ஆனால் அந்த ஒருவரை எண்ணிக் கொடுக்கும் எந்திரமாகவே நெடுங்காலம் வைத்திருந்தோமே, அதைக் கூறாதிருப்பது எங்ஙனம்?

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிறந்தது. மாவட்டந்தோறும் கிடங்கு, மருந்தைச் சோதித்த பின்னரே வழங்கல், மருத்துவமனைக்குக் கணக்குப் புத்தகம். சீசா போயிற்று, பட்டையில் அடைத்த மாத்திரை வந்தது. கலக்கும் வேலை ஆலைக்குப் போய்விட்டது. அப்படியானால் மருந்தாளுநருக்கு எஞ்சிய வேலை யாது?

எங்கள் சின்னசேலத்து வீட்டிலிருந்தே விடை கூறுகிறேன். என் பாட்டியார் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்பவர். ஒருமுறை, வாங்கும் கடையிலே வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தனர். பெயர் வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்றே! பாட்டியார் பழையதையும் உண்டார், புதியதையும் உண்டார். மயங்கி வாசற்படியில் விழுந்தார். ‘பாட்டி, இரண்டும் ஒன்றுதான்’ என்று ஒரு சொல் சொல்ல அங்கே ஆளில்லை. சான்றிதழ் சுவரிலே தொங்கியது, சான்றிதழுக்குரியவரைக் காணோம்! நோயாளிக்கு விளக்கம் கூறுதல் மருந்தாளுநரின் கடமை என 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை எழுதித்தான் வைத்திருக்கிறது.

இனிக் கல்வராயன் மலையை நோக்குங்கள். ஜாகீர்தாரர் பிடியிலிருந்து அம்மலை அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலை ஏறினால், ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் மேடும். அங்கே மருத்துவர் விடுப்பில் போன நாளிலும் மருந்து தரும் பலகணி திறந்திருந்தால், மலையாளிப் பழங்குடி மக்கள் கேட்பது அங்கேதான்: ‘இது காய்ச்சலுக்கா, சளிக்கா? சோற்றுக்கு முன்னா, பின்னா?’

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ கொதிப்புக்கும் நீரிழிவுக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. 2025 பிப்ரவரி 24இல் ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன; மருந்தியல் படித்த இளைஞர் கடை வைக்க மூன்று இலட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தோ, 2024 சனவரி இறுதியில், தொண்டைவலி, காதுவலி உள்ளிட்ட ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே பார்த்து மருந்து தரலாம் என்றது. ரோஸ் வழக்குக்கு முந்நூற்று இருபது ஆண்டுகளுக்குப் பின்!

இங்கும் அவ்வாறே செய்க என்று நான் அவசரப்படேன். சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லியை அள்ளி விற்கும் கடைகள் உள்ள நாட்டில், அவ்வுரிமை நஞ்சாகவும் கூடும். முதலில் சான்றிதழுக்குரியவர் கடையில் நிற்கட்டும். கொதிப்பைப் பார்க்கட்டும், மாத்திரையை விளக்கட்டும், ஆபத்தைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்பட்டும். படித்தவர் படித்ததைச் செய்ய இவ்வளவுக்கேனும் இடம் வேண்டாவா?

சென்ற வாரம், மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, மருந்து கொடுப்பவராக என்ன படிக்க வேண்டும்?” பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல்; அதன்பின் ஈராண்டுப் பட்டயம் என்றேன். “கணக்கா, உயிரியலா?” என்றான். இயற்பியலும் வேதியியலும் இருந்தால், உடன் இரண்டில் எதுவாயினும் தகும் என்றேன். குறித்துக்கொண்டு போனான்.