ஊவா மலைப்பாதைகளும் நடக்கும் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊவா மலைநாட்டின் பழைய பாதைகள் அண்மைக் காலத்திற் புதியதொரு பெயரைப் பெற்றுள்ளன. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் தொடங்கி, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு நுவரெலியாவில் முடிவுறும் ‘பீக்கோ டிரெயில்’ என்னும் நெடுநடைப்பாதை, அப்புத்தளை, எல்ல, தெமோதரை ஆகிய இடங்களை ஊடறுத்துச் செல்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் ஐக்கிய அமெரிக்க அபிவிருத்தி நிறுவனத்தினதும் நிதியுதவியுடன் உருவாக்கப்பட்ட இப்பாதை புதிதாக வெட்டப்பட்டதன்று. தேயிலைத் தோட்டங்களின் பழைய வண்டிப்பாதைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் ஒன்றோடொன்று இணைத்து அமைக்கப்பட்டதேயாகும். உலகின் பல பாகங்களிலிருந்து வரும் நடைப்பயணிகள் இன்று இவற்றில் விரும்பி நடக்கின்றனர்.

பாதையொன்றின் வரலாற்றில் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. அதனை வெட்டியவர் யார்? அதில் நடந்தவர் யார்? நடக்கக்கூடாதெனத் தடுக்கப்பட்டவர் யார்? ஊவாவைப் பொறுத்தவரை இம்மூன்று வினாக்களுக்கும் விடையாக அமைவோர் பெரும்பாலும் ஒரே மக்கட்கூட்டத்தினர் என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்னரும் ஊவாவிற் பாதைகள் இருந்தன. தென்கரையின் ஹம்பாந்தோட்டை உப்பளங்களிலிருந்து உப்பும், கிழக்குக் கரையிலிருந்து கருவாடும் துணியும் பொதிமாடுகளில் ஏற்றப்பட்டு மலையேறின. மலையிலிருந்து பாக்கும் தானியமும் இறங்கின. தவளம் எனப்பட்ட இப்பொதிமாட்டு வணிகத்தில் முஸ்லிம் வணிகர் சிறப்பிடம் பெற்றிருந்தனர். கரையையும் மலையையும் இணைத்த இவ்வழிகள் எவரது தனியுடைமையாகவும் கருதப்பட்டில.

1817-1818 ஆம் ஆண்டுகளின் ஊவா-வெல்லசைக் கிளர்ச்சி இந்நிலையை மாற்றியது. கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர் வயல்களையும் குடியிருப்புகளையும் அழித்தனர். காட்டுவழிகளை நன்கறிந்த மக்களை வெல்வதற்குப் படை விரைந்து செல்லக்கூடிய தெருக்கள் தேவை என்பது அவர்கள் கற்ற பாடமாகும். தேசாதிபதி எட்வேட் பார்ண்ஸ் காலத்தில் முனைப்புப் பெற்ற தெரு அமைப்பிற்கு இப்படைத்தேவையே முதற்காரணமாயிருந்தது. அத்தெருக்கள் வழியே பின்னர் கோப்பி இறங்கிற்று.

பதுளையில் அரசாங்க அதிபரின் உதவியாளராகவும் தெருக்கள் அமைப்பவராகவும் விளங்கிய மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் இக்காலகட்டத்தின் குறியீடாக அமைகின்றார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்று பெயர்பெற்ற இவர் 1845 இல் அப்புத்தளைக் கணவாயில் மின்னல் தாக்கி இறந்தார். மலைச்சரிவில் ஏற்றம் குறைந்த தடத்தைத் தெரிந்தெடுப்பதில் யானைகளுக்கு நிகரில்லை என்பதை அக்காலத்தோர் பலர் அறிந்திருந்தனர். யானைகளின் தடத்தைப் பின்பற்றித் தெருக்கள் அமைந்தன, யானைகளோ அழிக்கப்பட்டன. ரொஜர்ஸின் நினைவாகப் பதுளையிற் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. அவரது மேற்பார்வையிற் கல்லுடைத்தவர்களுக்கு நினைவுக்கல் எதுவுமில்லை.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் சொத்தாகக் கொண்டது. மேய்ச்சலுக்கும் சேனைப் பயிர்ச்செய்கைக்கும் சிங்களக் குடியானவர் நாடிய மேட்டுநிலங்கள் இவ்வாறு தோட்டக்காரர் கைக்கு மாறின. தமது கிராமத்திலிருந்து மலைக்குச் சென்ற வழியே குடியானவனுக்கு அத்துமீறலாயிற்று. பாதை மறுக்கப்பட்டோர் வரிசையில் முதலில் நின்றவன் இக்குடியானவனே என்பதை மறத்தலாகாது. அவனது இழப்புக்குத் தோட்டத் தொழிலாளி காரணமாகான். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது காணியைக் கைப்பற்றிய பொருளாதாரமேயாகும்.

அத்தொழிலாளி ஊவாவுக்கு வந்த வழி நீண்டது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டோர் இராமநாதபுரக் கரைக்கு நடந்தனர். தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தபின், வடபாதை எனப்பட்ட வழியே மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை ஆகிய இடங்களைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தனர். ஏறத்தாழ 150 மைல் தூரமுடைய அவ்வழியிற் குடிநீர் அரிது. வாந்திபேதியும் காய்ச்சலும் பலரைப் பலிகொண்டன. இறந்தோர் தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அவ்வழி மரணவழியாகவே மக்கள் நினைவில் நிலைத்துள்ளது.

மாத்தளையோ கண்டியோ ஊவாவுக்குச் சென்றோரின் பயண முடிவன்று. றம்பொடைக் கணவாய் ஏறி, நுவரெலியாவின் குளிரைக் கடந்து, வெலிமடை வழியே பதுளைக்கு இறங்க வேண்டியிருந்தது. புகையிரதப் பாதை 1867 இல் கண்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்துசேர்ந்தது 1924 இலேயாகும். எனவே மலையகத்தின் பிற பகுதிகளுக்குச் சென்றோரைவிட ஊவாத் தொழிலாளர் கூடுதலான தூரத்தைக் கால்நடையாகக் கடந்தனர். கடற்கரையின் மணலிலிருந்து நமுனுகலையின் சரிவுவரை நீண்ட இந்நடையே இத்தீவின் மிகப்பெரும் நெடுநடை எனலாம்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1890 இல் தோமஸ் லிப்டன் டம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் உச்சி, ‘லிப்டன் ஆசனம்’ என இன்று நடைப்பயணிகளின் இலக்காகியுள்ளது. கோப்பி ஆண்டின் ஒரு பருவத்திலேயே மிகுதியான உழைப்பை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலால் வந்துபோகும் தொழிலாளி தோட்டத்தில் நிலையாகக் குடியமர்த்தப்பட்டான். அவன் நடந்த பாதைகளும் தோட்ட எல்லைக்குள் அடங்கின.

தோட்டத்தின் உட்பாதை அமைப்பை நோக்கின், அது உற்பத்தி முறையின் வரைபடமாகவே காணப்படும். வண்டிப்பாதை மலையின் இடுப்பைச் சுற்றி மெல்ல ஏறி ஸ்டோரை அடையும். மழைநீரை வடிக்கும் கானுகளும் மண்ணைத் தாங்கும் கற்கட்டுகளும் அதனுடன் செல்லும். லயத்திலிருந்து பிரட்டுக் களத்திற்கும், அங்கிருந்து கொழுந்து மலைக்கும், மலையிலிருந்து நிறுவை இடத்திற்கும் செங்குத்தான குறுக்குவழிகள் செல்லும். கூடை சுமந்த பெண்களின் கால்களே இக்குறுக்குவழிகளைத் தேய்த்து உருவாக்கின. துரையின் பங்களா இவையனைத்தையும் நோக்கக்கூடிய மேட்டில் அமைந்திருக்கும். வெளியூருக்குச் செல்லும் வழியிற் காவல் இருக்கும்.

கண்காணிப்புக்குச் சட்டமும் துணைநின்றது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கூலியின் கடன் தீர்க்கப்படின் அவன் விடுவிக்கப்படுவான் என்று உறுதிகூறும் ‘துண்டு’ இன்றி அவன் வேறு தோட்டத்திற்குச் செல்லல் இயலாதிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்று சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை புதிதாக வருவோரின் கழுத்திற் கட்டப்பட்டது. துண்டு முறையும் சிறைத்தண்டனை விதிகளும் 1921 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. எனினும் வெளியார் தோட்டத்துள் நுழைவதைத் தடுக்கும் அதிகாரம் துரையிடமே இருந்தது.

இத்தடையை மீறுவதிலேயே மலையகத் தொழிற்சங்க வரலாறு தொடங்குகின்றது. கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலையை நேரிற் காண்பதற்குத் துணி வியாபாரியின் வேடத்தில் உட்புகுந்தார். புடவை மூட்டையைச் சுமந்து நடந்தவனுக்குத் திறந்த வழி, தொழிலாளரின் நண்பனுக்குத் திறக்கவில்லை. 1940 இல் பதுளைப் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்த சங்கம் அவற்றை வழிநடத்தியது. வேவெஸ்ஸ தோட்டத்திற் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த குழுவை நிருவாகம் ஏற்கவேண்டியதாயிற்று. அதே ஆண்டு யூன் மாதத்திற் கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர், இயக்கமும் ஒடுக்கப்பட்டது. ஆயினும் தோட்டத்திற்குத் தோட்டம் தனித்து வைக்கப்பட்டிருந்தோர் ஒன்றுகூட முடியும் என்பதை அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுட் புகும் உரிமையைத் தனிச்சட்டமொன்று உறுதிசெய்தது 1970 இலேயாகும். சுதந்திரம் பெற்று 22 ஆண்டுகள் கழிந்த பின்னரும், தோட்டப் பாதையில் நடப்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டமை சிந்திக்கற்பாலது.

இதற்கிடையில் இம்மக்களின் நாட்டுரிமையே பறிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. மூதாதையர் நடந்துவந்த திசைக்கு எதிராக, பதுளையிலிருந்து தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்திற்கும் மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1984 இற் கப்பற் சேவை நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. நடக்கும் உரிமையும் தங்கும் உரிமையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கவியலாதவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

தங்கும் உரிமை இன்னும் முழுமை பெற்றிலது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் வீடும் உரிய காலத்திற் கிடைக்காமையால் மக்கள் அங்கேயே இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போதும் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளை ஒன்றாகும். சரிவில் அமைந்த லயத்திற் குடியிருப்பது ஒருவரது தெரிவன்று. காணி உரிமையற்ற ஒருவர் வேறெங்குச் செல்வார்?

நெடுநடைப் பயணம் இம்மலைகளுக்குப் புதிய வருவாயைக் கொண்டுவருமாயின் அது வரவேற்கத்தக்கதே. பயணியைக் குறைகூறுதலும் நம் நோக்கமன்று. நடப்பவர் பேருந்தில் விரைபவரைவிட ஓரிடத்தை நன்கறிய வாய்ப்புடையவர். ஆனால் அவர் அறியவேண்டியவற்றைப் பாதையோரம் கூறுவது யார் என்பதே வினா. துரைமாரின் பெயர்களும் ஆங்கிலத் தோட்டப் பெயர்களும் மட்டும் பலகைகளில் இடம்பெறின், பாதையை உருவாக்கியோர் மீண்டும் ஒருமுறை மறைக்கப்படுவர். தோட்டங்களுக்கும் மலைகளுக்கும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் முதியோரிடமிருந்து திரட்டப்பட வேண்டும். பிரட்டுக் களம், கானு, கற்கட்டு, குறுக்குவழி ஆகியன வரலாற்றுச் சின்னங்களாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். பல்கலைக்கழக மாணவர் இப்பணியிற் பங்குகொள்ளல் கடமையாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பாதையோரத்தில் வாழும் குடும்பத்திற்குத் தன் வாயிற்படிவரையேனும் உரிமையான நிலம் வேண்டும். ஐந்து தலைமுறை நடந்து உண்டாக்கிய வழியில் அந்நியப் பயணி உரிமையுடன் நடக்கும்போது, அவ்வழியை உண்டாக்கியவரின் வழித்தோன்றல் அதன் ஓரத்திற் பிறர் காணியிற் குடியிருப்பவராகவே நிற்கின்றார். இம்முரண்பாடு நீங்கும்வரை ஊவாப் பாதைகளின் வரலாறு முற்றுப்பெற்றதாகாது.