பட்டியலில் இடம் தேடியவர்கள்

இணையத்தில் ஒரு தகவல் வேண்டுமென்றால் இன்று ஒரு சொல்லைத் தட்டச்சுச் செய்தால் போதும். தொடக்க காலத்தில் நிலைமை அப்படி இருக்கவில்லை. 1994இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான ஜெரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவரும் தாம் கண்ட வலைத்தளங்களைத் துறைவாரியாகப் பட்டியலிட்டனர். அந்த விபரக்கொத்தே யாகூவாக வளர்ந்தது.

1998இல் ரிச் ஸ்க்ரென்டாவும் பொப் ட்ரூயலும் தொடங்கிய இன்னொரு விபரக்கொத்து, அதே ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கைக்கு மாறி, பின்னர் டிமோஸ் என்ற பெயரால் அறியப்பட்டது. ஊதியம் பெறாத தன்னார்வப் பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்வையிட்டு, ஓரிரு வரிகளில் குறிப்பெழுதிச் சேர்த்தனர். எவரும் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பதிப்பாசிரியரின் தீர்ப்பு.

கூகிள் நிறுவனம் பிறந்ததும் அதே 1998இல்தான். ஒரு தளம் இன்னொன்றுக்குக் கொடுக்கும் இணைப்பை அது ஒரு வாக்காகக் கணக்கிட்டது. மதிப்புள்ள தளத்தின் வாக்குக்கு எடை அதிகம். மனிதர் ஆராய்ந்து தொகுத்த விபரக்கொத்துகளுக்கு அந்த மதிப்பு இயல்பாகவே கிடைத்தது. டிமோஸின் பட்டியலைக் கூகிளே 2000ஆம் ஆண்டு முதல் தன் பக்கத்தில் வெளியிட்டது.

வினை அங்கேதான் தொடங்கிற்று. வாசகர் தேடி வருவார் என்பதற்காக அன்றி, தேடுபொறியில் முன்னே வரவேண்டும் என்பதற்காகவே பலரும் பட்டியலில் இடம் தேடினர். வணிகத் தளங்களிடம் யாகூ ஆண்டுக்கு 299 டொலர் அறவிட்டது. டிமோஸில் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கின. சில பதிப்பாசிரியர்கள் தமக்கு வேண்டியவர்களையே சேர்க்கிறார்கள் என்ற முறைப்பாடுகளும் எழுந்தன. இணைப்பு விற்பதையே தொழிலாகக் கொண்ட, எவரும் வாசிக்காத போலி விபரக்கொத்துகள் காளான்களாக முளைத்தன.

விபரக்கொத்துகளில் பதியுங்கள் என்று தள உரிமையாளருக்குத் தான் கூறிவந்த அறிவுரையைக் கூகிள் 2008இல் நீக்கியது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, செயற்கை இணைப்புகளால் உயர்ந்த தளங்களைப் பின்தள்ளியது. காசு கொடுத்துப் பெயரைச் சேர்த்தவர்கள், அதை நீக்கிவிடும்படி கெஞ்சி எழுத நேர்ந்தது. கூகிளின் விபரக்கொத்து 2011இலும், யாகூவினது 2014இறுதியிலும் மூடப்பட்டன. 2017 மார்ச்சில் டிமோஸும் மூடப்பட்டபோது அதில் 38 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள், 90 மொழிகளில் இருந்தன.

ஒரு மருந்துக்கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ளூர் விபரக்கொத்தில் சரியாக இருப்பது இன்றும் பயன் தரும். அதை யாரோ ஒருவர் உண்மையில் பார்க்கிறார். பத்திரிகை மேசையில் நாம் கற்ற பாடமும் அதுவே. பணத்துக்காகப் போடப்படும் செய்தி அன்றைய பக்கத்தை மட்டும் கெடுப்பதில்லை. பக்கத்தில் உள்ள நேர்மையான செய்தியையும் ஐயத்துக்குள்ளாக்கும். டிமோஸில் ஆயிரக்கணக்கானோர் கூலியின்றிச் செலவிட்ட உழைப்புக்கும் அதுவே நேர்ந்தது. பட்டியலின் மதிப்பு அதைத் தொகுத்தவரின் நேர்மையில் இருந்தது. அது விலைக்கு வரும் என்று நம்பியவர்கள், வாங்கும்போதே அதை அழித்துவிட்டார்கள்.