பசிக் குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகள்

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் கேட்கும் கேள்விகள் மூன்று. ஆணா பெண்ணா? சுகப்பிரசவமா ஆபரேஷனா? எத்தனை கிலோ? மூன்று கிலோ என்றால் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டே கால் என்றால் பாட்டியின் முகம் வாடிவிடும். மருத்துவர்கள் கணக்கில் 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் அது எடை குறைந்த குழந்தை.

இந்தப் பதிவு அந்த எடையைப் பற்றியதுதான். ஆனால் பயாலஜி பாடம் அல்ல, யுத்த வரலாறு. இடம் ஹாலந்து, காலம் 1944.

அந்த ஆண்டு செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடித்து ரைன் நதியைத் தாண்டப் பார்த்தன. அவர்களுக்கு உதவியாக, லண்டனில் இருந்த டச்சு அரசு தன் நாட்டு ரயில்வே ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. அவர்களும் செய்தார்கள். ஆனால் ஆர்ன்ஹெம் தாக்குதல் தோற்றது. நாட்டின் தெற்குப் பகுதிக்கு விடுதலை கிடைத்தது, ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் நகரங்கள் இருக்கும் மேற்குப் பகுதி ஜெர்மானியர் கையிலேயே மாட்டிக்கொண்டது. வேலைநிறுத்தத்துக்குத் தண்டனையாக ஜெர்மன் நிர்வாகம் அங்கே உணவு போவதைத் தடுத்தது. (அந்த நிர்வாகத்தின் தலைவர் சைஸ் இன்குவார்ட். நியூரம்பர்க் விசாரணைக்குப் பிறகு 1946ல் தூக்கிலிடப்பட்டார்.) நவம்பரில் தடையைக் கொஞ்சம் தளர்த்திப் படகில் கொண்டுவரலாம் என்றார்கள். அந்த வருஷம் குளிர் கடுமை. கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றுவிட்டன.

நவம்பர் கடைசியில் ஒருவருக்கான ரேஷன் நாளுக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கியது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை 400 முதல் 800 கலோரி. 400 கலோரி என்றால் என்ன என்று புரிய வேண்டுமானால், ஆறு இட்லி, கொஞ்சம் சட்னி. காலை டிஃபன் அல்ல, நாள் முழுவதற்கும் அவ்வளவுதான்! கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ரேஷன் உண்டு என்று விதி இருந்தது. பஞ்சம் உச்சத்துக்குப் போனபோது அதையும் கொடுக்க முடியவில்லை. மக்கள் டியூலிப் கிழங்கையும் சர்க்கரைப் பீட்ரூட்டையும் வேகவைத்துத் தின்றார்கள். விறகுக்காகத் தெரு மரங்களை வெட்டினார்கள், ட்ராம் தண்டவாளத்துக்கு இடையில் பதித்திருந்த மரக்கட்டைகளைக்கூடப் பெயர்த்தார்கள். சுமார் 20,000 பேர் இறந்ததாகக் கணக்கு. டச்சுக்காரர்கள் இன்றும் அந்தக் காலத்தைப் பசிக் குளிர்காலம் என்றுதான் சொல்கிறார்கள். 1945 மே 5ல் விடுதலை வந்தது. ஜூனில் ரேஷன் 2000 கலோரியைத் தாண்டிவிட்டது.

இதில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது வேறு விஷயம். கரி இல்லை, மின்சாரம் இல்லை, பிரசவம் பார்க்கிறவர்களுக்கே சாப்பாடு இல்லை. அப்படியும் ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா காஸ்ட்ஹவுஸ் மருத்துவமனையில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு எழுதி வைத்தார்கள். எடை, நீளம், தலைச் சுற்றளவு, நஞ்சுக்கொடியின் அளவு வரை எல்லாம். யாரோ ஒரு நர்ஸ் விறைத்த விரலால் எழுதிய எண்கள் ஐம்பது வருஷம் கழித்துப் பெரிய ஆராய்ச்சிக்கு அடிப்படை ஆயின.

ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தப் பஞ்சம் ஏன் முக்கியம்? சாதாரண வறுமைக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. அம்மா சின்ன வயதிலிருந்தே அரைவயிறு, குழந்தையும் பிறந்த பிறகு அரைவயிறு. எது எதனால் என்று பிரிக்க முடியாது. இங்கே பட்டினி திடீரென வந்து திடீரென முடிந்தது. பிறந்த தேதி தெரிந்தால் போதும், அந்தக் குழந்தை கருவில் எந்த மாதத்தில் பட்டினி கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

விடுதலை ஆனதும் அமெரிக்காவிலிருந்து வந்த கிளெமென்ட் ஸ்மித் என்ற குழந்தை மருத்துவர் ஹேக், ராட்டர்டாம் பதிவுகளைப் பார்த்து 1947ல் கட்டுரை எழுதினார். குழந்தைகளின் எடை 200 கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. வில்ஹெல்மினா மருத்துவமனையிலும் அதே கதை. பஞ்சத்துக்கு முன் பிறந்தவர்களின் சராசரி சுமார் 3,370 கிராம். கடைசி மூன்று மாதம் பட்டினியில் இருந்த குழந்தைகளின் சராசரி சுமார் 3,130 கிராம்.

3,130 கிராம் என்றால் நம் ஊரில் நல்ல எடை ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அம்மாவின் உடம்பு தன்னை உருக்கிக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பெண்கள் பஞ்சத்துக்கு முன்புவரை ஓரளவு நன்றாகச் சாப்பிட்டவர்கள். லெனின்கிராடில் அந்த வசதி இல்லை. 1941 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகையில், 1942 முதல் பாதியில் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை 500 கிராமுக்கு மேல் குறைந்தது என்று அன்டனோவ் என்ற மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். குறைமாதப் பிரசவங்களும் மிக அதிகம்.

சரி, ஹாலந்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து வெளியேறிய ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் தம்பதி, பட்டாளத்துக்குக் கட்டாயப் பரிசோதனைக்கு வந்த டச்சு இளைஞர்களின் பதிவுகளைத் தேடி எடுத்தார்கள். கருவில் பட்டினி கிடந்தால் அறிவுத்திறன் குறையுமா என்பது கேள்வி. 1975ல் புத்தகமாக வந்த விடை: குறையவில்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதையே ஒரு புத்தகமாக எழுதிய நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 1976ல் அதே பதிவுகளிலிருந்து வேறொன்று கிடைத்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினிக்கு ஆளானவர்களில் 19 வயதில் குண்டானவர்கள் அதிகம்!

அதன் பிறகு வில்ஹெல்மினாவில் பிறந்தவர்களை ஐம்பது வயதில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். கடைசி மாதங்களில் பட்டினி கிடந்து எடை குறைந்து பிறந்தவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவாக இருந்தது. இதை ஓரளவு ஊகித்திருக்கலாம். ஊகிக்க முடியாதது அடுத்தது. கருவான முதல் மாதங்களில் பட்டினி கிடந்தவர்கள், பிற்பாதியில் உணவு கிடைத்ததால் நல்ல எடையில் பிறந்தவர்கள். தராசில் ஒரு குறையும் இல்லை. 2000ல் வெளியான ஆய்வில், இவர்களில் 8.8 சதவீதம் பேருக்கு இதய நோய் இருந்தது, பஞ்சம் தொடாதவர்களில் 3.2 சதவீதம்தான். 2008ல் இன்னொரு ஆய்வு, இவர்களின் ஒரு வளர்ச்சி மரபணுவில் ஒட்டியிருக்கும் வேதி அடையாளங்கள் சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைவிடக் குறைவு என்று காட்டியது. அறுபது வருஷம் அழியாத தடம்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு பதிவேடு உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களில் சுமார் 500 பேரை நடுவயதில் தேடிப்பிடித்துப் பரிசோதித்து, 1996ல் முடிவை வெளியிட்டார்கள். 2.5 கிலோ அல்லது அதற்குக் கீழே பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம். மைசூரை எந்தப் படையும் முற்றுகை இடவில்லை, எந்தக் கால்வாயும் உறையவில்லை. அந்த அம்மாக்களின் பட்டினிக்குத் தொடங்கிய தேதியும் இல்லை, முடிந்த தேதியும் இல்லை.