வலியசாலை: ஒரு பெயரின் வரலாறு

திருவனந்தபுரத்து வலியசாலையில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார் நாள்தோறும் எழுதும் முகவரியிலேயே ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. நம் பிள்ளைகளிடம் அப்பெயரின் பொருளைக் கேட்டால், 'வலிமையான ரோடு' என்று விடை வருகின்றது. இரண்டு பாதியும் பிழை.

'வலிய' என்பது மலையாளத்தில் 'பெரிய' எனப் பொருள்படும். திருவிதாங்கூர் அரண்மனை வழக்கில் மூத்தவரை 'வலிய தம்புரான்' என்றது இதனாலேயே. இடர் தருவது 'சாலை'. இக்காலத் தமிழில் அது தனித்து நின்றால் பாதை. கூட்டுச்சொல்லின் ஈற்றில் நின்றாலோ பெரும்பாலும் ஒரு கட்டடம். பாடசாலை, யாகசாலை, தொழிற்சாலை என்பவற்றில் வண்டி ஓடுவதில்லை அன்றோ? நெடுஞ்சாலை போன்றவை விலக்கு.

பண்டைச் சாலை எத்தகையது என்பதைச் செப்பேடு ஒன்று காட்டுகின்றது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், 95 சட்டர்கள் தங்கி உண்டு வேதம் பயிலச் சாலை ஒன்று நிறுவினான். சட்டர் என்பார் மாணாக்கர். ஆயுதம் ஏந்தி அவைக்கு வரலாகாது என்பதும் அங்கு விதி. அச்சாலைக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது காந்தளூர் முறைமை. எனவே காந்தளூர்ச் சாலை அதனினும் பழையது, புகழ் மிக்கது. காந்தளூர் வேறிடம் என்பாரும் உளர். எனினும் வலியசாலைக் கோயிலின் இறைவர் இன்றும் காந்தளூர் மகாதேவரே. ஆகவே நம் ஊர்ப்பெயர் 'பெரிய கல்விச்சாலை' என்று கொள்ளத்தகும்.

985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், அவன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செய்தியைப் பெருமையோடு கூறுகின்றன. கலம் மரக்கலமா, உண்கலமா? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை உட்பட அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துள்ளனர். வலியசாலை கடற்கரையில் இல்லை. சாலையோ மாணாக்கர் உண்ணும் இடம். உண்கலம் என்பார்க்கு இவை வலுவான சான்றுகள். ஆயினும் சோழப் பேரரசன் ஒருவன் தன் வெற்றிகளுக்கெல்லாம் முன்னே சோற்றுக் கலக் கணக்கையா வைத்திருப்பான்? எம் மனம் மரக்கலத்தின் பக்கமே சாய்கின்றது.