ஹவில்தாருக்கு 1,716 ரூபாய்

அக்னிபாத் ஆள்சேர்ப்புத் திட்டம் வருவதற்கு முந்தைய காலம். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து ஓர் இளைஞன் 19 வயதில் சிப்பாயாகச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 17 ஆண்டு முடித்து மலையேறும்போது அவனுக்கு வயது 36. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கல்வராயன் மலையில் மரவள்ளி விளையும், சாமை விளையும். மாதச் சம்பளம் தரும் வேலை அரிது. காவலாளி வேலை என்றாலும் கீழே இறங்கித்தான் தேட வேண்டும். அதே படையில் ஒரு கர்னல் 50 வயதைத் தாண்டிய பிறகே ஓய்வு பெறுகிறார். ராணுவ பென்சனின் வரலாற்றை அந்த 36 வயதுக்காரனின் பக்கம் நின்று படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாயின் மாதச் சம்பளம் வெகுகாலம் 7 ரூபாயிலேயே நின்றது. 1895இல்தான் 9 ஆனது. சுதந்திர இந்தியாவில் ஜவான்களின் பென்சன் கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதமாக இருந்தது. இளவயதிலேயே வீட்டுக்கு அனுப்புவதற்கான ஈடு அது. 1973இல் மூன்றாவது ஊதியக் குழு அதை 50 சதவீதமாக வெட்டியது. 1971 போரில் வென்று வந்த படைக்கு இரண்டே ஆண்டில் கிடைத்தது இது! அந்த 50 சதவீதமும் முழுதாகக் கைக்கு வர 33 ஆண்டு சேவை வேண்டும் என்றது விதி. ராணுவமே 17 ஆண்டில் அனுப்பிவிடுகிற சிப்பாய் 33க்கு எங்கே போவான்? சலுகையாகச் சில ஆண்டுகளைக் கூட்டிக்கொடுத்தார்கள். அப்போதும் எட்டவில்லை.

அதிகாரிகளுக்கும் குறை இருந்தது. 1986இல் நான்காவது ஊதியக் குழு கேப்டன் முதல் பிரிகேடியர் வரை 'ரேங்க் பே' என்ற பதவிச் சம்பளம் கொடுத்தது. அரசு அடிப்படைச் சம்பளத்தை நிர்ணயிக்கும்போது அதே தொகையைக் கழித்துக்கொண்டது. மேஜர் தனபாலன் என்ற ஒரே ஓர் அதிகாரி கேரள உயர் நீதிமன்றம் போய் 1998இல் வென்றார். அந்த நியாயம் மற்ற அதிகாரிகளுக்கும் உறுதியாக 2012 ஆயிற்று.

ஆனால் எல்லாப் பதவிகளையும் ஒன்றுசேர்த்தது வேறொரு வலி. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம்; முன்னால் ஓய்வு பெற்றவருக்குக் குறைவு, பின்னால் பெற்றவருக்குக் கூடுதல். ஓய்வூதியம் கருணைத்தொகை அல்ல, உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு முன்னாள் படைவீரர்கள் சம பென்சன் கேட்டபோது, அந்தக் கோரிக்கைக்கு நகாரா தீர்ப்பு பொருந்தாது என்று 1991இல் அதே நீதிமன்றம் கைவிரித்தது.

2014 பிப்ரவரியில், இடைக்கால பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சரும் சிவகங்கைக்காரருமான ப.சிதம்பரம் 'ஒரே பதவி ஒரே ஓய்வூதிய'த்துக்கு 500 கோடி ஒதுக்கினார். அடுத்த ஆண்டு ஜூனில் ஜந்தர் மந்தரில் முதியவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2015 செப்டம்பர் 5 அன்று அறிவிப்பு வந்தது: 2013இல் ஓய்வு பெற்றவர்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச பென்சனின் சராசரியே அளவுகோல்; 2014 ஜூலை 1 முதல் அமல்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். ஆண்டுதோறும் திருத்தம் கேட்டவர்கள் மீண்டும் வழக்குக்குப் போனார்கள். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் முறையையே ஏற்றது. முதல் ஐந்தாண்டுத் திருத்தத்தால் சேர்ந்த நிலுவை ஏறத்தாழ 28,000 கோடி. அதை எந்தத் தேதிக்குள் யாருக்குத் தர வேண்டும் என்று 2023 மார்ச்சில் நீதிமன்றமே நாள் குறிக்க வேண்டியிருந்தது.

அந்த முதல் திருத்தம் 2022 டிசம்பரில் வெளியானது. அரசே தந்த உத்தேசக் கணக்கைப் பாருங்கள். ஹவில்தாருக்கு 20,066 ரூபாய் 21,782 ஆகிறது, உயர்வு 1,716. லெப்டினன்ட் கர்னலுக்கு 84,330 ரூபாய் 95,400 ஆகிறது, உயர்வு 11,070. தொகையை விடுங்கள், சம்பளம் பெரிதென்றால் தொகையும் பெரிதாகத்தான் இருக்கும். சதவீதம் ஏன் மாற வேண்டும்? ஹவில்தாருக்கு எட்டரை, லெப்டினன்ட் கர்னலுக்குப் பதின்மூன்று. அந்தந்தப் பதவியின் சராசரி அப்படி வந்தது என்பது கணக்காளர் தரக்கூடிய பதில். எனக்கு அது போதவில்லை. 2023 பிப்ரவரியில் மறுபடி ஜந்தர் மந்தரில் கூடிய ஜவான்களுக்கும், ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள ஜே.சி.ஓ.க்களுக்கும் போதவில்லை.

அவர்களுடைய இன்னொரு கேள்வி ராணுவ சேவைப் படி பற்றியது. படைவாழ்க்கையின் கஷ்டத்துக்கென்றே தரப்படும் பணம் அது. ஏழாவது ஊதியக் குழுவில் அதிகாரிக்கு 15,500 ரூபாய், ஜவானுக்கும் ஜே.சி.ஓ.வுக்கும் 5,200. ஜே.சி.ஓ.க்களுக்காவது 10,000 கொடுங்கள் என்று ராணுவமே கேட்டது. 2018 டிசம்பரில் நிதி அமைச்சகம் மறுத்துவிட்டது. பென்சனைக் கணக்கிடும்போது இந்தப் படியும் சேர்வதால், பணியில் இருந்த இடைவெளி ஓய்வுக்குப் பிறகும் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது.